உங்கள் தெருவில் புது ரோடு போடப் போகிறார்களா? வேலூர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டைக் கட்டியபோது வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போவோம். முதலில் ஒரு தார் ரோடு வந்தது. சில வருடம் கழித்து அதன் மேலேயே இன்னொரு தார். அப்புறம் சிமென்ட் ரோடு. இப்போது ஒரு படி இறங்கி உள்ளே போகிறோம். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, தெருதான் ஏறிவிட்டது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், வாசல் கதவுக்கு மணல் மூட்டை போட வேண்டும்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறும் இரு கரை தொட்டு ஓடிக் காட்டியது. லெவல் இல்லாத தெரு மட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

தெருவைப் புதிதாகப் போடும்போது வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த லெவலைப் பற்றியவை. அதைப் பேசவேண்டிய நேரம் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்புதான். ஊற்றிய பிறகு எவ்வளவு கத்தினாலும் சிமென்ட் காதில் ஏறாது. அதனால் இந்த வழிகாட்டியில் வேலைக்கு முந்தைய நாட்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் வேலை: அது யாருடைய ரோடு?

பாதி மனுக்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்த் தூங்குகின்றன. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள், 4 மண்டலங்கள். தெரு உள்ளே இருக்கிறது என்றால் பெரும்பாலும் உங்கள் மண்டல அலுவலகம்தான். ஆனால் பஸ் போகும் பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். சத்துவாச்சாரி பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு என்றால் அது தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள் பாடு. ஊர்ப்புறத்தில் ஊராட்சியா, ஊராட்சி ஒன்றியமா என்று பார்க்க வேண்டும். வார்டு கவுன்சிலரையோ மண்டல அலுவலகத்தில் உள்ள உதவிப் பொறியாளரையோ, அதாவது ஏ.இ.யை, கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அங்கே போகும்போதே எஸ்டிமேட்டைப் பற்றியும், அதாவது வேலையின் அளவும் செலவும் எழுதிய மதிப்பீட்டைப் பற்றியும் கேளுங்கள். "எஸ்டிமேட்டைப் பார்க்கலாமா சார்?" என்று பணிவாகக் கேட்டால் சில இடங்களில் காட்டுகிறார்கள். சில இடங்களில் "ஆர்டிஐ போடுங்க" என்பார்கள், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. சரி, போட்டுவிட்டால் போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். டெண்டர் அறிவிப்புகள் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் இருக்கும். பல தெருக்களை ஒரே டெண்டரில் கட்டிவைத்திருப்பார்கள், அதனால் உங்கள் தெருப் பெயரைத் தேடிப்பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எஸ்டிமேட்டில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. நீளம், அகலம், தடிமன் எவ்வளவு? தாரா, சிமென்டா, பேவர் பிளாக்கா? பழைய ரோட்டை எடுக்க என்று தனி வரி இருக்கிறதா? கால்வாய் சேர்த்தியா? கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. பழையதை எடுக்க எஸ்டிமேட்டில் பணம் இல்லையென்றால் கான்ட்ராக்டர் எடுக்க மாட்டார். அவரைத் திட்டிப் பயன் இல்லை. எஸ்டிமேட்டைத் திருத்தச் சொல்லி மேலே போக வேண்டும்.

இங்கே நம் கையில் ஒரு நல்ல பிடி உண்டு. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டு வீடுகளைத் தாழ்த்தக் கூடாது, மேல்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். தார் என்றால் மில்லிங் மெஷினால் சுரண்டலாம். பழையது சிமென்ட் என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். செலவு கூடும். "சிமென்ட்டை எப்படி சார் சுரண்டுறது" என்று கேட்டுவிட்டு மேலேயே ஊற்றிவிடுவது இந்த இடத்தில்தான்.

கோடு போடுங்கள்

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம். செலவு ஒரு டேப், ஒரு சின்ன டப்பா பெயின்ட், கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் ஒன்று.

தெருவில் அசையாத பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோயில் படி, பழைய கட்டடத்தின் அடித்தளம், கல்வெர்ட் என்கிற சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இப்படி. ஈ.பி. கம்பத்தில் போடாதீர்கள், வேலையின்போது அதையே தள்ளி நட்டுவிடுவார்கள். அங்கே ஒரு கோடு. ட்யூபில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து அதே மட்டத்தை ஒவ்வொரு வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கும் கொண்டுபோய்க் கோடு போடுங்கள். ட்யூபுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் கணக்கு தப்பும், கவனம். இப்போது ஒவ்வொரு வாசலிலும் கோட்டிலிருந்து ரோடு எவ்வளவு கீழே, வீட்டுத் தரை எவ்வளவு கீழே என்று அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கால்வாயின் அடிமட்டத்தையும் இரண்டு மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். டேப் தெரியும்படி ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தேதி தானாகப் பதிவாகிவிடும்.

எங்கள் தெருவில் இதைச் செய்தபோது ஒரு வேடிக்கை. தெருவின் தண்ணீர் கிழக்கே ஓடுகிறது என்று இருபது வருடமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அளந்து பார்த்தால் நடுவில் நாலு வீட்டுக்கு மட்டும் மேற்கே சரிவு. அந்த நாலு வீட்டுக்காரர்கள்தான் ஒவ்வொரு மழைக்கும் புலம்புகிறவர்கள். அதுவரை அவர்கள் சும்மா சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தோம்.

இந்த நோட்டு கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும். "ரோடு உயரமாயிடும் சார்" என்று சொன்னால் ஏ.இ. தலையாட்டுவார். "பதினோராம் நம்பர் வீட்டில் தரைக்கும் ரோட்டுக்கும் 9 சென்டிமீட்டர்தான் இருக்கு, நீங்க 15 சென்டிமீட்டர் போடறீங்க" என்றால் அவர் நோட்டை வாங்கிப் பார்ப்பார்.

நமக்குள் முதலில் பேசி முடியுங்கள்

அதிகாரிகள் வரும்போது தெருக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினால் நம்மைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்கு எளிது. ஒருவர் ரோடு அகலம் வேண்டும் என்பார், அடுத்தவர் தன் வீட்டுச் சாய்வுப் படியை இடிக்கக் கூடாது என்பார். உண்மையைச் சொன்னால், பல தெருக்களில் கால்வாய் மேல் படி கட்டியவர்களும், காரை நிறுத்த ரோட்டுக்கு நடுவரை கான்கிரீட் சரிவு போட்டவர்களும் நாமே. அளக்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் ஆக்கிரமிப்பை எடுப்பது யார், எவ்வளவு என்று தெருவுக்குள்ளேயே பேசிவிட்டு வெளியே வாருங்கள். இந்தப் பேச்சு கசப்பாகத்தான் இருக்கும். பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் காபியோடு நடந்தால் கசப்பு கொஞ்சம் குறையும்.

குடியிருப்போர் நலச் சங்கம் பதிவாகியிருந்தால் அதன் பெயரில் எழுதுங்கள். இல்லையென்றால் கதவு எண்ணோடு வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும். வாடகைக்கு இருப்பவர்களிடமும் வாங்குங்கள், மழைத்தண்ணீர் சொந்தக்காரர் யார் என்று கேட்டு உள்ளே வருவதில்லை.

பேச இன்னொரு இடமும் உண்டு. மாநகராட்சி வார்டுகளில் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் அமைக்கத் தமிழ்நாட்டில் 2022-ல் விதிகள் வந்தன. நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் பகுதி சபை நடக்கும். அங்கே சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத பேச்சு டீயோடு முடிந்துவிடும்.

மனு எழுதும் விதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வரலாறு வேண்டாம், புலம்பலும் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

"மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு. எங்கள் தெருவில் (தெருப் பெயர், வார்டு எண்) சிமென்ட் சாலை அமைக்கும் பணி தொடங்க உள்ளது. தற்போதைய சாலை மட்டத்துக்கும் வீடுகளின் தரை மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பட்டியலாக இணைத்துள்ளோம். பழைய சாலையை அகற்றிவிட்டு, தற்போதைய மட்டத்துக்கு மேல் உயராமல் புதிய சாலை அமைக்க வேண்டுகிறோம். பணி தொடங்கும் முன் பாதாளச் சாக்கடை, குடிநீர் இணைப்பு வேலைகளை முடித்துத் தரவும், பொறியாளர் ஒருவர் தெருவில் கூட்டு ஆய்வு செய்யவும் வேண்டுகிறோம்."

இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்குங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனுவைக் கவுன்சிலர் கையில் கொடுத்து ஃபோட்டோ எடுப்பது நல்லதுதான், ஆனால் ஃபோட்டோவுக்குத் தபால் எண் கிடையாது. பதில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் உள்ள கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் நடக்கும். முதல் மனுவின் சீல் போட்ட நகலோடு அங்கே போங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம்.

பூமிக்கு அடியில் முதலில், மேலே கடைசியில்

புது சிமென்ட் ரோட்டை ஆறு மாதத்தில் ஜே.சி.பி. வைத்து உடைப்பதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, காவிரித் தண்ணீர்க் குழாய்க்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை. வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஆழமாகப் போகும் பாதாளச் சாக்கடை, அப்புறம் குடிநீர்க் குழாய், அப்புறம் ஈ.பி. கேபிள், கால்வாய், எல்லாவற்றுக்கும் பிறகு ரோடு.

உங்கள் வீட்டு இணைப்புகளையும் இப்போதே முடித்துவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட வீட்டுக்காரர்தான் பின்னால் புது ரோட்டை உடைக்க அனுமதி கேட்டு அலைவார். இன்னொரு சின்ன யோசனை: தெருவின் குறுக்கே நாலு இன்ச் பி.வி.சி. குழாயை வெறுமனே புதைத்து இரண்டு முனையையும் மூடிவைக்கச் சொல்லுங்கள், ஐம்பது அடிக்கு ஒன்று. நாளைக்கு ஒரு கேபிள் எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் அதில் விட்டு இழுத்துவிடலாம். எஸ்டிமேட்டில் இல்லையென்றால் தெருக்காரர்களே காசு போட்டு, ஏ.இ.யிடம் சொல்லிவிட்டு வைப்பதும் நடக்கக்கூடியதுதான்.

தோண்டிய பள்ளத்தை மூடும்போது அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து மூட வேண்டும். மண்ணைத் தள்ளிவிட்டு அன்றைக்கே மேலே ரோடு போட்டால் முதல் மழையில் அந்தக் கோட்டிலேயே ரோடு உட்காரும். மேன்ஹோல் மூடி புது ரோட்டு மட்டத்துக்கு வர வேண்டும். தெருவில் மரம் இருந்தால் கேட்காமல் வெட்ட விடாதீர்கள். பொது இடத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

வேலை நடக்கும் நாட்கள்

வண்டி எங்கே நிறுத்துவது, தண்ணீர் லாரி எப்படி வரும், நடக்க முடியாத பெரியவருக்கு ஆம்புலன்ஸ் எந்த முனையில் நிற்கும். இதையெல்லாம் முந்தைய நாளே முடிவு செய்யுங்கள். தெருவை இரண்டு பாதியாகப் பிரித்துப் போட முடியுமா என்று கேளுங்கள், பல நேரம் முடியும்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு. அங்கே லாட்ஜில் தங்கியிருப்பவர்களில் நிறையப் பேர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள். அறுவை சிகிச்சை முடிந்து சக்கர நாற்காலியில் வருகிற ஒருவருக்குத் தமிழில் எழுதிய "பாதை இல்லை" பலகை எப்படிப் புரியும்? கடைப் பலகைகளையே வங்காள மொழியில் எழுதுகிற ஊர் இது. அட்டையில் நாலு வரி எழுதித் தர லாட்ஜ்காரர்களிடமே ஆள் உண்டு.

வண்டிகளை எடுத்துவிடுங்கள் என்று சொல்வதும் முக்கியம். 2022-ல் நம் வேலூரில்தான், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் போட்டார்கள். அதே வருடம் அடிபம்பையும் கான்கிரீட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள். ஊரே சிரித்தது. அந்த வேலைகள் நடந்த நேரத்தில் ஒரு பொறியாளராவது பக்கத்தில் நின்று தடுத்திருக்கக் கூடாதா என்பதுதான் என் வருத்தம்.

கான்கிரீட் ஊற்றும் நாள்

அன்றைக்கு ஒருவர் லீவு போடுங்கள். ஓய்வு பெற்றவர் தெருவில் இருந்தால் அவரே தலைவர்.

கையில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெரு 100 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 52.5 கனமீட்டர் கான்கிரீட் வேண்டும். ஆலையிலேயே கலந்து கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி ஒன்றில் 6 கனமீட்டர் வரும் என்று வைத்தால் ஒன்பது லாரி. ஆறு லாரியோடு வேலை முடிந்துவிட்டதா? அப்படியென்றால் தடிமன் 10 சென்டிமீட்டர்தான். யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை, லாரிகளை எண்ணி டெலிவரி சீட்டுகளை ஃபோட்டோ எடுத்தால் போதும். சீட்டிலேயே எம்-30 போன்ற தரமும், கலவை கிளம்பிய நேரமும் இருக்கும்.

ஊற்றும் முன், கலவை வழியாமல் இரு ஓரமும் நிறுத்தும் பலகையின் உயரத்தை உங்கள் கோட்டிலிருந்து அளந்து பாருங்கள். முடிந்த ரோட்டின் ஓர மட்டம் அந்தப் பலகையின் மேல்விளிம்புதான். தப்பாக இருந்தால் அந்த அரை மணி நேரத்தில்தான் திருத்த முடியும். நடுவில் மேடாகவும் இரு ஓரமும் சரிவாகவும் வர வேண்டும். மூன்றரை மீட்டர் ரோட்டுக்கு நடுவுக்கும் ஓரத்துக்கும் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் சரியாக இருக்கும்.

கலவை இறுகிவிட்டது என்று லாரியில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவார்கள். அதுதான் சிமென்ட்டின் பலத்தைக் கெடுப்பது. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சோதனைக்கு 15 சென்டிமீட்டர் கட்டிகள் அச்சில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். அவற்றை 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் கழித்து அல்லது மறுநாளுக்குள் மெஷினால் குறுக்கு வெட்டுப் போட வேண்டும். வெட்டாவிட்டால் ரோடு தன் இஷ்டத்துக்கு வெடித்துக்கொள்ளும்.

அப்புறம் கியூரிங், அதாவது ஊற்றிய கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? சித்திரை, வைகாசியில் மதியம் ஊற்றிய கான்கிரீட் மாலைக்குள் வெடிப்பு விடும். மாலையில் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு குறைந்தது இரண்டு வாரம் ஈரம் காயக் கூடாது. ஈரச் சாக்கு, அல்லது பாத்தி கட்டித் தண்ணீர். கான்ட்ராக்டரின் ஆள் இரண்டு நாள் வருவார், மூன்றாம் நாள் காணோம். நீங்களே விடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு வேளை என்று பிரித்துக்கொண்டால் பாரமே தெரியாது.

பதில் வராதபோது: ஆர்டிஐ

வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

"ஏன் உயரமாகப் போட்டீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்றால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். நகல் கேளுங்கள்: எஸ்டிமேட், பணி ஆணை, அளவுப் புத்தகமான எம்-புக்கின் பக்கங்கள், கான்கிரீட் கட்டிச் சோதனை முடிவுகள், கான்ட்ராக்டர் எத்தனை காலத்துக்குப் பழுது பார்க்கப் பொறுப்பு என்ற ஒப்பந்தப் பகுதி. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. காகிதத்தை மட்டுமல்ல, வேலையையே நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் பிரிவு 2(j) உரிமை தருகிறது. இதைக் கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரமே வரும், என் அனுபவம்.

ரோடு முடிந்த பிறகு

முதல் மழையில் குடை பிடித்துக்கொண்டு தெருவை ஒருமுறை நடந்து வாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது என்று வீடியோ எடுங்கள். மழை இல்லாத மாதமென்றால் ஒரு டேங்கர் தண்ணீரை மேல்முனையில் திறந்துவிட்டுப் பார்க்கலாம். குறை இருந்தால் கான்ட்ராக்டருக்குக் கடைசி பில் போகும் முன் எழுத்தில் கொடுங்கள். பில்லில் ஒரு பகுதியைப் பொறுப்புக் காலம் முடியும்வரை பிடித்துவைப்பது வழக்கம். அது முடியும் தேதியை ஆர்டிஐ பதிலில் இருந்து எடுத்து, அதற்கு ஒரு மாதம் முன்பே தெருவை இன்னொருமுறை பார்த்து, வெடிப்பு, பள்ளம், உடைந்த மூடி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அனுப்புங்கள்.

பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புது ரோடு கோட்டிலிருந்து எவ்வளவு கீழே என்று அதே பக்கத்தில் எழுதி, தெருவில் வயது குறைந்த ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். கோயில் படியில் போட்ட பெயின்ட் மங்கியிருந்தால் இன்னொரு கை பூசிவிடுங்கள்.